மாமத் மலையின் வசந்த காலப் பனிச்சறுக்கு

மாமத் மலை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் உள்ள பனிச்சறுக்குத் தலம். இதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 3,369 மீட்டர் உயரம். முதன்மை அடிவார நிலையம் ஏறத்தாழ 2,740 மீட்டரில் இருக்கிறது. சறுக்குப் பரப்பு சுமார் 3,500 ஏக்கர். வட அமெரிக்கத் தலங்கள் பல ஏப்ரல் நடுவில் மூடப்பட்டுவிட, மாமத் மலை வழக்கமாக மே மாத இறுதிவரை இயங்குகிறது; பனி மிகுந்த ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் வரையும் நீள்கிறது. மார்ச் பிற்பகுதிக்கும் கோடையின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தில் நடப்பதே வசந்த காலப் பனிச்சறுக்கு. குளிர்காலத்தில் சறுக்கின் தரம் புதிதாக விழும் பனியைப் பொறுத்தது. வசந்தத்தில் அது, பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைவதைப் பொறுத்தது.

அமைவிடம்

மலையின் அடிவாரத்தில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் மாமத் லேக்ஸ் என்ற சிற்றூர் உள்ளது. 1878இல் இப்பகுதியில் தங்கம் தேட வந்த மாமத் சுரங்க நிறுவனத்தின் பெயரே ஊருக்கும் மலைக்கும் நிலைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், 395ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே, இன்யோ தேசிய வனத்துக்குள் இத்தலம் அமைந்திருக்கிறது.

மாமத் மலை ஓர் எரிமலை. சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் உருவான லாங் வேலி எரிமலைக் குழியின் தென்மேற்கு விளிம்பில், பிற்காலத்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் குவிந்து இது எழுந்தது. இன்றும் சில இடங்களில் நிலத்துக்கு அடியிலிருந்து வாயுக்கள் வெளியேறுகின்றன.

பனி மிகுவதற்கான காரணம்

சியரா நெவாடாவின் மேற்குச் சரிவு பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்றை முதலில் வாங்கிக்கொள்வதால், கிழக்குப் பக்கம் பொதுவாக மழைமறைவுப் பகுதியாகவே இருக்கிறது. மாமத் மலை இதற்கு விதிவிலக்கு. இதற்கு மேற்கே மலைத்தொடரின் முகடு தாழ்ந்து, சான் வாக்கின் ஆற்றின் பள்ளத்தாக்கு ஒரு கணவாய் போலத் திறந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றைக் கோவைப் பக்கம் விடுவதுபோல, இந்தத் திறப்பு பசிபிக் புயல்களைத் தடையில்லாமல் மாமத் மலைவரை கொண்டுவருகிறது.

தலத்தின் சராசரி ஆண்டுப் பனிப்பொழிவு சுமார் 400 அங்குலம், அதாவது ஏறக்குறைய 10 மீட்டர். கடல் ஈரம் மிகுந்த கனத்த பனி இது. சறுக்குவோர் இதை ‘சியரா சிமென்ட்’ என்பார்கள். குளிர்காலத்தில் கால்களைக் களைக்கச் செய்யும் இந்தக் கனமே வசந்தத்தில் உதவுகிறது. கனமான பனி இறுகிப் படிகிறது. மெல்லிய தூள்பனியைவிட மெதுவாகக் கரைகிறது. வெயில் குறைவாகப் படும் வடக்கு, வடகிழக்குச் சரிவுகளில் முதன்மைச் சறுக்குப் பாதைகள் பல அமைந்திருப்பதும் பருவம் நீள்வதற்கு ஒரு காரணம்.

வரலாறு

இத்தலத்தின் நிறுவனர் டேவ் மெக்காய் (1915–2020). லாஸ் ஏஞ்சலஸ் நகர நீர்–மின்சாரத் துறையில் நீரளவையாளராக அவர் வேலை பார்த்தார். மலைச்சரிவுகளில் பனியின் ஆழத்தையும் எடையையும் அளந்து, கோடையில் நகரத்துக்கு எவ்வளவு நீர் கிடைக்கும் என்று கணிப்பது அந்தப் பணி. பனி எங்கே மிகுதியாகக் குவிகிறது, எங்கே நெடுநாள் நிற்கிறது என்பதை அவர் ஆண்டுதோறும் நேரில் நடந்தும் சறுக்கியும் கண்டறிந்திருந்தார். அருகிலுள்ள மற்ற சரிவுகளில் கயிற்று இழுவை அமைத்து நடத்திய பின், அவர் தேர்ந்தெடுத்தது மாமத் மலையை.

1953இல் அமெரிக்க வனத்துறை அவருக்கு உரிமம் வழங்கியது. 1955இல் முதல் நாற்காலி இழுவை இயங்கத் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தலத்தை நடத்திய மெக்காய், 2005இல் அதன் பெரும்பங்கை ஸ்டார்வுட் கேப்பிடல் நிறுவனத்துக்கு விற்றார். தற்போது இது ஆல்டெரா நிறுவனத்தின் கீழ் உள்ளது. உச்சிக்கு அருகிலிருந்து இறங்கும் செங்குத்தான பாதை ஒன்று ‘டேவ்ஸ் ரன்’ என்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மணிப்பனி உருவாகும் விதம்

வசந்த காலச் சறுக்கின் சிறப்பு ‘கார்ன்’ எனப்படும் மணிப்பனி. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பழைய பொருள் தானியமணி. கையில் அள்ளினால் கல்லுப்பு போல, சற்றுப் பெரிதான ஜவ்வரிசி போல உருண்டையாக உதிரும்.

புதிதாக விழும் பனித்துகள்கள் கிளை விரித்த படிகங்கள். பகல் வெயிலில் அவற்றின் நுனிகள் முதலில் உருகுகின்றன. உருகிய நீர் துகள்களுக்கு இடையே தங்கி, இரவில் உறையும்போது பல துகள்களை ஒன்றாகப் பிணைக்கிறது. சிறு துகள்கள் கரைந்து மறைய, பெரியவை உருண்டு திரள்கின்றன. இந்தச் சுழற்சி பல நாள் திரும்பத் திரும்ப நடந்தால் மேற்பரப்பு முழுவதும் மணிமணியாக மாறிவிடும். இடையில் புதுப்பனி விழுந்தால் சுழற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு இன்றியமையாதது தெளிந்த இரவு. மேகம் இல்லாத வறண்ட வானத்தின் கீழ் பனிப்பரப்பு தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக விண்வெளிக்கு இழக்கிறது. அதனால் காற்றின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே இருக்கும்போதும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிட முடியும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் திரும்பி வருகிறது. பனி உறையாமல் கஞ்சிபோல் குழைந்தே கிடக்கும். ஆகவே நாளைய சறுக்கு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர் பகல் வெயிலைவிட இரவு வானத்தையே முதலில் பார்க்க வேண்டும். கிழக்கு சியராவின் வறண்ட காற்று இத்தகைய இரவுகளை அடிக்கடி தருகிறது.

ஒரு நாளின் போக்கு

வசந்த நாள் ஒன்றில் பனி மூன்று நிலைகளைக் கடக்கிறது. விடியலில் அது கல்போல் இறுகியிருக்கும்; பலகையின் விளிம்பு எளிதில் பதியாது, விழுந்தால் சரிவில் நெடுந்தூரம் வழுக்கிச் செல்ல நேரும். வெயில் ஏறியபின் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் உறுதியான தளம் இருக்கும். சறுக்குவோர் காத்திருப்பது இந்த நிலைக்காகவே. அதன்பின் பனி ஆழம்வரை நனைந்து, பலகையைப் பிடித்து இழுக்கத் தொடங்கும்.

நடு நிலை ஒரு சரிவில் ஓரிரு மணி நேரமே நீடிக்கும். ஆனால் எல்லாச் சரிவுகளும் ஒரே நேரத்தில் இளகுவதில்லை. கிழக்கு நோக்கியவை முதலில், அடுத்துத் தெற்கு, பின்னர் மேற்கு, கடைசியாக வடக்கு என வெயில் படும் வரிசையில் அவை பக்குவமாகின்றன. அனுபவமுள்ளவர்கள் கதிரவனைத் தொடர்ந்து மலையைச் சுற்றி வருவார்கள். காலணி கணுக்கால்வரை புதைந்தால் அந்தச் சரிவை விட்டு நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பருவத்தின் பிற்பகுதியில் தாழ்வான கிழக்குப் பக்க நிலையங்களான ஈகிள், கேன்யன் ஆகியவை முதலில் மூடப்படும். பிறகு முதன்மை நிலையமும் உச்சியை ஒட்டிய பாதைகளும் மட்டும் இயங்கும். அப்போது சறுக்கு நேரம் காலையில் சீக்கிரமே தொடங்கி நண்பகலை ஒட்டி முடிந்துவிடுகிறது.

ஆபத்துகள்

உருகும் நீர் பனியடுக்குகளுக்குள் ஊடுருவி அவற்றின் பிணைப்பைத் தளர்த்தும்போது ஈரப் பனிச்சரிவு நிகழ்கிறது. இரவில் உறையாத நாட்களின் பிற்பகலில் இந்த ஆபத்து மிகுதி. வெயிலில் பனி தானாக உருண்டு சக்கரம்போல் கீழே வருவது அதன் முன்னறிகுறி. தலத்தின் எல்லைக்கு வெளியே மலையேறிச் சறுக்குபவர்கள் இதைக் கண்டால் உடனே திரும்ப வேண்டும்.

வெயிலும் கடுமையானது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகின்றன. புதுப்பனி அவற்றில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்புகிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் விழிவெண்படலம் புண்ணாகிப் பார்வை தற்காலிகமாக மங்கும். முகவாய்க்கு அடியிலும் மூக்குத் துளைகளை ஒட்டியும் தோல் கருகும்.

எரிமலை வாயு இம்மலைக்கே உரிய ஆபத்து. 1989இல் நிகழ்ந்த தொடர் நில அதிர்வுகளுக்குப் பின் ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் கரியமில வாயு மண்ணை நிறைத்து, பரந்த பரப்பில் மரங்கள் பட்டுப்போயின. 2006 ஏப்ரலில், பெரும் பனிப்பொழிவுக்குப் பின், வாயு வெளியேறும் துளை ஒன்றைச் சுற்றி வேலி அமைத்துக்கொண்டிருந்த தலத்தின் மீட்புக் காவலர்களின் காலடியில் பனி இடிந்து சிலர் உள்ளே விழுந்தனர்; மூவர் உயிரிழந்தனர். பிறருடைய பாதுகாப்புக்காகப் பணியாற்றும்போது அவர்கள் இறந்தார்கள். மலையில் கட்டப்பட்டுள்ள கயிற்று வேலி எதையும் தாண்டக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பருவத்தைக் கணிக்கும் முறை

வசந்தம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதைப் பனியின் ஆழத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அறிய வேண்டும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். வசந்தத்தின் முதிர்ந்த பனி 400 முதல் 500 கிலோவரை எடையுள்ளது. ஒரே ஆழம் என்றாலும் இரண்டாவது பல மடங்கு வெப்பத்தைத் தாங்கும்.

பனிக்குள் உள்ள நீரை அளக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தவர் நெவாடா பல்கலைக்கழகத்தின் செவ்வியல் மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் சர்ச். உள்ளீடற்ற குழாயைப் பனிக்குள் அடிமண்வரை செருகி எடுத்து, குழாயோடு நிறுத்துப் பார்த்தால் நீரின் அளவு தெரிந்துவிடும். கலிபோர்னியா 1929 முதல் மாநில அளவில் இவ்வாறு அளந்து வருகிறது. பனியிருப்பு பொதுவாக உச்சத்தை எட்டும் ஏப்ரல் 1 அதன் முதன்மை நாள். மாமத் மலையிலேயே சாண்டா பார்பரா கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அமெரிக்க ராணுவத்தின் குளிர்நில ஆய்வகமும் இணைந்து நடத்தும் பனி ஆய்வு நிலையம் ஒன்று உள்ளது. சூரியக் கதிர்வீச்சு, பனியின் பிரதிபலிப்பு, உருகும் வேகம் ஆகியவற்றை அது இடைவிடாது பதிவு செய்கிறது.

ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு மிகப் பெரிது. 2015 ஏப்ரல் 1 அன்று மாநிலத்தின் பனிநீர் இருப்பு இயல்பில் 5 விழுக்காடு மட்டுமே; அன்றே ஆளுநர் ஜெரி பிரவுன் நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டில் 25 விழுக்காட்டுக் குறைப்பைக் கட்டாயமாக்கினார். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் அதே இருப்பு இயல்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பருவத்தில் மாமத் முதன்மை நிலையத்தில் 700 அங்குலத்துக்கு மேல் பனி பொழிந்து, 2010–11இன் 668.5 அங்குலச் சாதனையை முறியடித்தது. ஆகஸ்ட் 6 வரை சறுக்கு நடந்தது. 1995இல் ஆகஸ்ட் 13 வரை நடந்திருக்கிறது.

பசிபிக்கின் எல் நினோ, லா நினா நிலைகளை வைத்துப் பருவத்தை முன்கூட்டிச் சொல்வது இங்கே நம்பகமானதல்ல. 2022–23இன் பெரும்பனி, பொதுவாகத் தென் கலிபோர்னியாவுக்கு வறட்சி தரும் லா நினா ஆண்டிலேயே வந்தது. பெருமளவு நீராவியைச் சுமந்துவரும் காற்றோட்டங்களான வளிமண்டல ஈரநதிகளில் வலிமையான சில வருவதும் தவறுவதும் முழு ஆண்டையும் முடிவு செய்கின்றன.

வருங்காலம்

புவி வெப்பமடைவதால் அமெரிக்க மேற்குப் பகுதியின் வசந்தகாலப் பனிநீர் இருப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 15 முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது. உயரமும் குளிரும் மிகுந்த தெற்கு சியரா, தாழ்வான மலைகளைவிட இதைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் பனியாக விழ வேண்டியது மழையாகப் பெய்வதும், இரவுகள் வெப்பமடைவதும் மணிப்பனிக்கு நேரடி இழப்பு. நீர் உறையாத இரவுகள் கூடும்போது, மலைமேல் பனி இருந்தும் நல்ல சறுக்கு நாட்கள் குறையும்.

மாமத் மலையின் கிழக்குச் சரிவில் உருகும் பனி மாமத் ஓடையாகி, ஓவன்ஸ் ஆற்றில் சேர்ந்து, 1913இல் திறக்கப்பட்ட நீர்க்கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடைகிறது. மே மாதத்தில் சறுக்கிய பனியைத்தான் கோடையில் அந்நகர மக்கள் குடிக்கிறார்கள்.