நீருக்கும் காற்றுக்கும் வாதாடியவர்

ஆற்றைப் பாடாத கவிஞர் நம் வட்டத்தில் அநேகமாக இல்லை. ஆற்றின் பொருட்டு நீதிமன்றப் படியேறிய ஒருவரைப் பற்றியும் இம்மலரில் ஒரு கட்டுரை இருக்கட்டும் என்று தோன்றியது. வடபுலத்தவரான அவர் நம் பாலாற்றுக்காகவும் வாதாடியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

எம்.சி. மேத்தா 1946-ஆம் ஆண்டு ஜம்மு காஷ்மீரத்தின் ரஜௌரி மாவட்டத்தில், தாங்ரி என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தார். ஜம்முவில் சட்டம் பயின்று, 1983-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு ஒரு விருந்தில் ஒருவர், வழக்கறிஞர்களுக்குப் பணமே குறி, தாஜ்மகால் சாகிறது, கேட்பாரில்லை என்று கேலியாகச் சொன்னாராம். அச்சொல் தைத்தது. ஆக்ராவுக்குச் சென்றார், வார்ப்பாலைகளின் புகை படிந்து மஞ்சளித்த சலவைக்கல்லைக் கண்டார், 1984-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், அன்றேல் இடம்பெயரவேண்டும் என்றது நீதிமன்றம். இடையில் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள்.

மேத்தா புதிய சட்டம் எதையும் கொண்டுவந்தவர் அல்லர். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே பிறந்துவிட்டது. காற்றுக்கு 1981-இல் ஒரு சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையை அளித்து எத்தனையோ காலமாயிற்று. ஏட்டில் உறங்கிய இவற்றை, பொதுநல வழக்கு என்ற வாயில் திறந்திருந்த காலத்தில், அவர் தட்டி எழுப்பினார். தூய நீரும் காற்றும் இன்றி உயிர்வாழும் உரிமைக்கு என்ன பொருள் என்பதே அவருடைய கேள்வி. எளிய கேள்விதான், அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் அவர் வழக்குகளுக்கென்றே வெள்ளிக்கிழமைகளை உச்ச நீதிமன்றம் ஒதுக்கி வைத்திருந்தது.

1985-இல் தில்லியில் மக்கள் நெருக்கத்தின் நடுவே இயங்கிய ஸ்ரீராம் ஆலையை அகற்றக் கோரி வழக்குத் தொடுத்தார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே, டிசம்பர் 4-ஆம் நாள், அவ்வாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் துயரம் நிகழ்ந்து ஓராண்டே ஆகியிருந்த சமயம். 1986 டிசம்பர் 20-இல் தலைமை நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். ஆபத்தான தொழில் நடத்துவோர், விபத்துக்குக் காரணம் எதுவாயினும் விலக்கின்றி இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்றார். ஆங்கிலேயச் சட்டம் 1868 முதல் அனுமதித்து வந்த விதிவிலக்குகள் யாவும் இங்கே கழிக்கப்பட்டன. அத்தனை பெரிய நெறியை வகுத்த தீர்ப்பு இழப்பீட்டுத் தொகையை மட்டும் தானே வழங்காது கீழ் நீதிமன்றங்களுக்கு விட்டுவிட்டது.

கங்கை வழக்கில் 1987-இல் கான்பூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பல மூடப்பட்டன. வேலையிழப்பும் வருவாயிழப்பும் நேரும் என்பதை நீதிபதி கே.என். சிங் மறைக்கவில்லை. உயிரும் நலமும் சூழலும் அவற்றினும் மேலானவை என்றார். இங்கே எனக்கொரு தயக்கம் உண்டு. 1996-இல் தில்லியின் 168 அபாய ஆலைகள் வெளியேற்றப்பட்டபோது தொழிலாளர்க்கு ஈட்டுத்தொகை தரும்படி உத்தரவு இருந்தது உண்மை. ஆயினும் நகரம் தூய்மை பெற்றதன் விலையில் பெரும்பங்கு அவர்கள் தலையில் விழுந்தது என்ற குறையைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. மேத்தாவின் புகழ் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

இனிப் பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் ஆலைகள் கழிவை ஆற்றிலும் வயலிலும் விட்டதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அதன் சார்பில் வாதாடியவர் மேத்தா. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது எனத் தீர்ப்பு பதிவு செய்கிறது. திண்டுக்கல் பக்கத்துப் பதின்மூன்று ஊர்களில் 467 கிணறுகளுக்கு 350 கெட்டுப்போயின. தோல் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வருகிறது என்ற வாதத்தை மறுக்காமலே, அதற்காக ஊரை அழிக்கலாகாது என்றார் நீதிபதி குல்தீப் சிங். மாசுபடுத்தியவரே ஈடு செய்க, தீங்கு வருமுன் தடுத்திடுக என்னும் இரு நெறிகளும் நாட்டின் சட்டமாயின. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை அமைக்கவும் வழி பிறந்தது. நாள்: 1996 ஆகஸ்ட் 28.

அத்தீர்ப்பின் இறுதியில், தாமாகவே முன்வந்து உதவிய மேத்தாவுக்கு நன்றி கூறி, வழக்குச் செலவுக்காக 50,000 ரூபாயைத் தமிழக அரசு தரவேண்டும் என்று எழுதினார்கள். விருந்தில் ஒருவர் சொன்ன கேலி ஏனோ இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

பட்டங்கள் பின்னர் வந்தன. 1996-இல் கோல்ட்மன் பரிசு, 1997-இல் மகசேசே விருது, 2016-இல் பத்மஸ்ரீ.

ஆற்றின் கணக்கு அவ்வளவு விரைவில் தீரவில்லை. வேலூர்த் தோல் ஆலைகளின் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. விடுபட்டோர்க்கு இழப்பீட்டை அரசு வழங்கி, அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்கவேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவேண்டும் என்றும் உத்தரவு பிறந்தது 2025 ஜனவரி 30-இல். முதல் மனு எழுதப்பட்டு முப்பத்து நான்காம் ஆண்டு அது.