உள்ளூர் வேலைநாடுநரும் அரசுப் பதிவேடும்: இந்திய வேலைவாய்ப்புப் பணியின் வரலாறு (1945–2025)

முன்னுரை

வேலை தேடுவோரையும் ஆள் தேடுவோரையும் கட்டணமின்றி இணைப்பது வேலைவாய்ப்பகத்தின் கடமையாகும். இந்தியாவில் இப்பணி 1945ஆம் ஆண்டு மத்திய அரசின் தனி இயக்ககமாக உருப்பெற்றது. அன்று பயிற்சி தருவதும் வேலையில் அமர்த்துவதும் ஒரே கையில் இருந்தன. காலப்போக்கில் அவை பிரிந்தன. பதிவேடு மட்டும் வளர்ந்தது. வேலை தருவதற்காக எழுந்த பதிவேடு, உள்ளூர் வேலைநாடுநரின் உரிமைச் சான்றாக மாறியது எங்ஙனம் என்பதையும், அவ்வுரிமை எந்த அளவுக்கு உறுதியானது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைத்தரகர் காலம்

வேலைவாய்ப்பகம் தோன்றுமுன் ஆள்சேர்ப்பு தரகர்களிடம் இருந்தது. பம்பாய் ஆலைகளில் முகாதம், கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார், தோட்டங்களில் கங்காணி எனப் பெயர் வேறுபட்டாலும் தொழில் ஒன்றே. தம் ஊரார், உறவினர், சாதியார் ஆகியோரைத் தரகர் வேலைக்குக் கொணர்ந்தனர். அதற்குக் கையூட்டும் பெற்றனர். வேலை தேடுவோருக்குத் தரகரை அறிந்திருப்பதே தகுதியாயிற்று.

1919ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கட்டணமற்ற அரசு வேலைவாய்ப்பகங்களை அமைக்குமாறு உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. இந்தியா அதனை 1921இல் ஏற்றது. 1938இல் அதிலிருந்து விலகியது. இடைப்பட்ட காலத்தில் அமைந்த விட்லி ஆணையம் (1929–1931) தரகரின் கையூட்டைக் கண்டித்தது. எனினும் ஆலைவாயிலிலேயே ஆட்கள் தாராளமாகக் கிடைக்கும் நிலையில் வேலைவாய்ப்பகங்களால் பயனில்லை என்றே அது கருதியது. ஆள் பஞ்சம் ஏற்பட்டாலன்றி அரசு இத்துறையில் இறங்காது என்பதை இதனால் அறியலாம்.

போரும் பிரிவினையும்

அப்பஞ்சம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. போர்த் தளவாடத் தொழிலுக்குக் கைத்திறன் மிக்கோர் தேவைப்பட்டமையால் 1940 முதல் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்த ஆண்டுகளில் (1942–1946) வேலைவாய்ப்பகங்களும் தோன்றின. போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் நிறுவப்பட்டது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்குத் தொழில் கற்பித்து வேலையில் அமர்த்துவது அதன் பணி.

1947இல் பிரிவினை அகதிகளும் இவ்வேற்பாட்டின் கீழ் வந்தனர். 1948இன் தொடக்கத்தில் வேலைவாய்ப்பகத்தின் கதவு எல்லா வேலைநாடுநருக்கும் திறக்கப்பட்டது. 1950இல் கைத்தொழிலர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஏறத்தாழ 50 தொழிற்பயிற்சி நிலையங்கள் அமைந்தன. வீரர், அகதி ஆகிய இருசாராரும் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஊரிழந்தோருக்காகத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஊர்க்காரரின் உரிமைக்கு அரணாக நாடப்பட்டது.

சிவராவ் குழுவும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும்

இவ்வமைப்பின் எதிர்காலத்தை ஆராய 1952இல் பி. சிவராவ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது; 1954இல் அது அறிக்கை அளித்தது. அக்குழுவின் பெயரிலேயே பயிற்சியும் வேலைவாய்ப்பும் இணைந்து நின்றன. அதன் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு மாறியது. செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்றது. 1969 ஏப்ரல் முதல் முழுச் செலவும் மாநிலங்களின் பொறுப்பாயிற்று.

வேலைவாய்ப்பகங்கள் (காலியிடங்களைக் கட்டாயமாக அறிவித்தல்) சட்டம் 1959இல் இயற்றப்பட்டு, 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்களும், 25 அல்லது அதற்கு மேற்பட்டோரை அமர்த்திய தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை அறிவிக்க வேண்டும் என அது விதித்தது. வேளாண் பணி, வீட்டுப் பணி, மூன்று மாதத்துக்குக் குறைந்த பணி, கைத்திறன் வேண்டாத அலுவலகப் பணி ஆகியவை விலக்கப்பட்டன. நாட்டின் உழைப்பாளரில் பெரும்பகுதியினர் இவ்விலக்குகளால் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர். அறிவிக்கத் தவறினால் முதன்முறை 500 ரூபாய் வரை அபராதம். அறிவித்த காரணத்தாலேயே வேலைவாய்ப்பகம் வழியாக ஆளெடுக்கும் கடப்பாடு எழாது எனவும் சட்டம் தெளிவாக உரைத்தது. கட்டாயம் தகவலுக்கு மட்டுமே, வேலைக்கு இல்லை. இச்சட்டத்தின் உயிர்நிலை இதுவே எனலாம்.

உள்ளூரார் என்னும் கோரிக்கை

அரசியலமைப்பின் 16(2)ஆம் உறுப்பு, அரசுப் பணியில் பிறப்பிடம், வாழ்விடம் ஆகியவற்றைக் காட்டி வேறுபடுத்துவதைத் தடுக்கிறது. வாழ்விட நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை 16(3) நாடாளுமன்றத்துக்கு மட்டுமே தருகிறது. 1957இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அத்தகைய நிபந்தனைகளை நீக்கி, தெலங்கானா உள்ளிட்ட சில பகுதிகளுக்கு மட்டும் விலக்களித்தது. ஐதராபாத் நிஜாம் 1919இல் பிறப்பித்த முல்கி விதிகளின் தொடர்ச்சியாக அமைந்த அவ்விலக்கை, மாநிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வாழ்விட நிபந்தனை விதிக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1969இல் தள்ளியது. அவ்வாண்டு தெலங்கானாவில் கிளர்ச்சி மூண்டிருந்தது. 1973இல் 371-ஈ உறுப்பும், 1975இல் குடியரசுத் தலைவர் ஆணையும் அங்கு உள்ளூர் வேட்பாளர் என்போரை வரையறுத்தன.

அத்தகைய ஏற்பாடு இல்லாத மாநிலங்களில் வேலைவாய்ப்பகப் பதிவே அவ்விடத்தை நிரப்பியது. வேலைநாடுநர் பொதுவாகத் தாம் வாழும் மாவட்டத்திலேயே பதிவு செய்வர். எனவே பதிவு மூப்பின்படி ஆளெடுத்தால், வாழ்விடம் என்ற சொல்லை எடுக்காமலே உள்ளூராருக்கு முன்னுரிமை கிட்டும். 1966இல் தோன்றிய சிவசேனை, பம்பாயின் எழுத்தர் பணிகளில் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர் நிறைந்திருப்பதாகக் குற்றஞ்சாட்டியது. இத்தகைய பகை மூண்ட காலத்தில், தெருவில் எழுந்த கோரிக்கையை வரிசையாக மாற்றிய அமைதியான கருவி பதிவேடு எனின் மிகையன்று.

வரிசையின் நீளம்

ஆயின் வரிசை நகரவில்லை. 1961இன் இறுதியில் உயிர்ப்பதிவேட்டில் சுமார் 18 இலட்சம் பேர் இருந்தனர். அவ்வாண்டு வேலை பெற்றோர் சுமார் 4 இலட்சம். 1981இல் பதிவேட்டில் இருந்தோர் சுமார் 1.78 கோடி, வேலை பெற்றோர் 5 இலட்சம். 2000இல் பதிவேடு 4 கோடியைத் தாண்டியது. வேலை பெற்றோரோ 2 இலட்சத்தை எட்டவில்லை. 1961இல் 100 பேருக்கு 22 என இருந்த விகிதம், 2000இல் 200 பேருக்கு ஒருவர் என்பதினும் தாழ்ந்தது. மாணவரும் ஏற்கெனவே பணியில் உள்ளோரும் பதிவேட்டில் அடங்குவர் ஆதலின், இதனை வேலையின்மையின் நேரடி அளவாகக் கொள்ளல் கூடாது. ஆனால் நம்பிக்கையின் அளவாகக் கொள்ளலாம். அட்டையை உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும் என்ற அச்சம் குடும்பங்களில் நிலவியதற்கு இதுவே காரணம்.

நீதிமன்றங்களின் பார்வையும் மாறியது. அரசுப் பணிக்கு வேலைவாய்ப்பகம் அனுப்புவோரை மட்டும் கருதலாம் என்பதை ஹர்கோபால் வழக்கில் (1987) உச்ச நீதிமன்றம் ஏற்றது. விசுவேசுவர ராவ் வழக்கில் (1996), வேலைவாய்ப்பகத்தோடு நாளிதழ் விளம்பரமும் வேண்டும், விண்ணப்பித்த அனைவரையும் கருத வேண்டும் எனக் கூறியது. சம வாய்ப்பு என்னும் நோக்கில் இத்தீர்ப்பு நியாயமானதே. எனினும் பத்தாண்டுகள் காத்திருந்தவரின் மூப்பு, அன்றைய விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தவரின் முன் தனிச்சிறப்பை இழந்தது.

பிரிவும் புதுச் சட்டமும்

2015இல் பயிற்சிப் பிரிவு திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. வேலைவாய்ப்பு, தொழிலாளர் அமைச்சகத்திலேயே தங்கியது. 1945இல் ஒரே கூரையின் கீழ் நின்றவை இரு அமைச்சகங்களாயின. அவ்வாண்டே கணினிவழித் தேசிய வேலைவாய்ப்புச் சேவையும் தொடங்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 25 என்ற வரம்பு 20 ஆகக் குறைந்தது, பெயரும் மாறியது. அறிவித்தல் கட்டாயம், அமர்த்துதல் கட்டாயமன்று என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

மறுபுறம், மாதம் 30,000 ரூபாய்க்குட்பட்ட தனியார் பணிகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய அரியானாச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. பதிவேட்டால் இயலாததை ஆணையால் பெற முயன்ற முயற்சியாக அதனைக் கருதலாம்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. ஒன்று, தரகரின் இடத்தைப் பெற அரசு முன்வந்தது ஆள் தேவை மிகுந்தபோதே. இரண்டு, 1959ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் பெறும் உரிமையை அரசுக்குத் தந்ததேயன்றி, வேலை பெறும் உரிமையை எவருக்கும் தரவில்லை. உள்ளூர் வேலைநாடுநர் தம் உரிமையெனக் கருதிய பதிவு மூப்பு வழக்கத்தால் வந்தது, தீர்ப்பால் தளர்ந்தது. மூன்று, இப்பணியின் தொடக்கத்தில் வேலைநாடுநருக்குப் பயிற்சியும் பணியமர்த்தமும் ஒருங்கே கிடைத்தன. அவ்விணைப்பு தளர்ந்த பின் எஞ்சியது காத்திருப்பு. உள்ளூராருக்கு வேலை என்னும் கோரிக்கை ஒதுக்கீட்டுச் சட்டங்களாக மீண்டும் மீண்டும் எழுவதன் வேர் இவ்விடத்திலேயே உள்ளது எனலாம்.