கை கழுவத் தெரியுமா? மருத்துவ, செவிலிய மாணவர்கள் தடுமாறும் கேள்விகள்

ஸ்ரீ விஜயபுரம்: மருத்துவம் பயிலும் ஒருவரிடம் கை கழுவுவதைப் பற்றிக் கேள்வி கேட்பது தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால், உலக சுகாதார அமைப்பு இதற்கெனவே ஒரு வினாத்தாளை உருவாக்கியுள்ளது. அதை வைத்து இந்தியாவிலும் இலங்கையிலும் நடத்தப்பட்ட ஆய்வுகளில், மருத்துவ, செவிலிய மாணவர்களில் முழுமையான தெளிவு கொண்டவர்கள் குறைவு எனத் தெரியவந்துள்ளது. பெரிய மருத்துவமனைகள் கடலுக்கு அப்பால் உள்ள அந்தமான் நிகோபார் தீவுகளில் இந்த இடைவெளிக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

தீவுகளுக்கு ஏன் முக்கியம்?

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், 2015-ஆம் ஆண்டு அந்தமான் நிகோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் கழகம் தொடங்கப்பட்டது. அதன் மாணவர்கள் பயிற்சி பெறுவது ஜி.பி.பந்த் மருத்துவமனையில். தெற்கு அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான், நிகோபார் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் மேல்சிகிச்சைக்காக நோயாளிகள் கப்பலிலும் ஹெலிகாப்டரிலும் இங்குதான் கொண்டுவரப்படுகின்றனர். இதற்கும் மேலான சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை போன்ற பெருநகரங்களுக்குச் செல்ல வேண்டும். சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே சுமார் 1,200 கி.மீ. கடல் உள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிப்போர் 3.8 லட்சம் பேர். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அங்கு அதிகம் பேசப்படும் தாய்மொழி தமிழ். மிகச் சிறிய எண்ணிக்கையில் வாழும் ஜாரவா, ஓங்கே போன்ற பழங்குடியினரும் அங்கு உள்ளனர். சில நூறு பேரே கொண்ட ஒரு சமூகத்தில் எந்தத் தொற்றும் பேரிழப்பாக முடியக்கூடும்.

கைகளின் வழியே எளிதில் பரவும் கிருமிகளும் தீவுகளுக்குப் புதியவை அல்ல. வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்து பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஷிகெல்லா பாக்டீரியாக்களை அங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மண்டல மையம் கண்டறிந்து பதிவு செய்துள்ளது. ஷிகெல்லா நோயை உண்டாக்க நூற்றுக்கும் குறைவான பாக்டீரியாக்கள் போதும். கழுவாத ஒரு கையில் அதைவிடப் பன்மடங்கு தங்கியிருக்க முடியும்.

வினாத்தாளில் என்ன உள்ளது?

உலக சுகாதார அமைப்பின் இந்த வினாத்தாள் 2009-இல் திருத்தி வெளியிடப்பட்டது. கேள்விகள் எளிமையாகத் தோன்றினாலும், பொதுவான நம்பிக்கைகளைச் சோதிக்கும் வகையில் அமைந்துள்ளன. அவற்றுள் முக்கியமான சில:

* மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குக் கிருமிகள் பரவும் முதன்மையான வழி எது? காற்று என்றோ, கட்டில், மேசை போன்ற பரப்புகள் என்றோ சிலர் விடையளிக்கின்றனர். சரியான விடை: தூய்மை செய்யப்படாத மருத்துவப் பணியாளர்களின் கைகள்.

* மருத்துவமனைத் தொற்றுக்குக் காரணமான கிருமிகள் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன? தண்ணீர், காற்று என்ற விடைகள் தவறானவை. நோயாளியின் தோலிலும் உடலுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கும் கிருமிகளே முதன்மையானவை. டிரிப்ஸ் ஊசி குத்தும்போதும் சிறுநீர்க் குழாய் பொருத்தும்போதும் அவை இருக்கக் கூடாத இடத்திற்குச் சென்றுவிடுகின்றன.

* ஆல்கஹால் திரவத்தைக் கைகளில் எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும்? குறைந்தது 20 விநாடிகள். சோப்பும் தண்ணீரும் பயன்படுத்தினால், கைகளை நனைப்பது முதல் துடைத்து உலர்த்துவது வரை 40 முதல் 60 விநாடிகள் ஆகும்.

* ஆல்கஹால் திரவம் சோப்பைவிடத் தோலை அதிகம் வறட்சியாக்குமா? இல்லை. உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் கலவையில் தோலைப் பாதுகாக்கக் கிளிசரால் சேர்க்கப்படுகிறது. அடிக்கடி சோப்புப் போடுவதே தோலை அதிகம் உலர்த்தும்.

* சோப்புப் போட்டுக் கழுவிய உடனே ஆல்கஹால் திரவமும் தேய்க்க வேண்டுமா? தேவையில்லை. இரண்டில் சூழலுக்கு ஏற்ற ஒன்று போதும்.

எப்போது எது?

கைகளில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும் கட்டாயம். நோயாளியின் மலக்கலத்தை அகற்றிய பின்னரும் அவ்வாறே. குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் அழிப்பதில்லை என்பதால், அந்நோய் உள்ளவரைக் கவனித்த பின்னும் சோப்பால் கழுவ வேண்டும்.

வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்கு முன், ஊசி போடுவதற்கு முன், நோயாளியின் படுக்கையைச் சரிசெய்த பின் போன்ற பிற தருணங்களில் ஆல்கஹால் திரவமே விரைவானது, பயன்மிக்கது. கோடைக்காலத்தில் ஸ்ரீ விஜயபுரத்தில் குழாய் நீர் முறைவைத்து வழங்கப்படுவது வழக்கம். நகரின் முதன்மை நீராதாரமான தனிகாரி அணை மழையையே நம்பியுள்ளது. அத்தகைய ஊரில், தண்ணீர் தேவைப்படாத இம்முறையைச் சரியாக அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

கையுறை அணிந்தால் கை கழுவ வேண்டியதில்லை என்ற எண்ணமும் தவறு. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போதும் கைகளில் கிருமி ஒட்டலாம். எனவே, அதைக் கழற்றிய பின் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். மோதிரம், வளையல், செயற்கை நகம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கைகளுக்குக் கிரீம் பூசுவதில் தடையில்லை.

ஐந்து தருணங்கள்

கைத் தூய்மைக்கு உலக சுகாதார அமைப்பு ஐந்து தருணங்களை வரையறுத்துள்ளது. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி, கட்டு போன்ற கிருமியற்ற செயல்முறைக்கு முன். உடல் திரவங்கள் பட்டிருக்க வாய்ப்புள்ள பணிக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். நோயாளியைத் தொடாவிட்டாலும் அவரது கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்ட பின்.

இவற்றுள், 'பின்' என்பதைவிட 'முன்' என்பதே அதிகம் தவறவிடப்படுகிறது. தொட்ட பின் கழுவுவது தொட்டவரைக் காக்கிறது; தொடுவதற்கு முன் கழுவுவது நோயாளியைக் காக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பு யாருக்கும் கற்பிக்காமலேயே வந்துவிடும். மற்றொன்றைப் பயிற்சியால்தான் பெற முடியும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கர்நாடகத்தின் ராய்ச்சூரில் 144 மருத்துவ, செவிலிய மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. கைச் சுகாதாரம் குறித்து நல்ல அறிவு பெற்றிருந்தவர்கள் 9 சதவீதம் பேர் மட்டுமே. கை கழுவுதல் குறித்த மனப்பான்மை செவிலிய மாணவர்களில் 52.1 சதவீதம் பேரிடம் சிறப்பாக இருந்தது. மருத்துவ மாணவர்களில் அது 12.9 சதவீதம். இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்விலும் செவிலிய மாணவர்களே முன்னிலை பெற்றனர்.

செவிலியக் கல்வியில் கை கழுவும் முறை முதலாண்டிலேயே செய்முறையாகக் கற்பிக்கப்படுகிறது. மருத்துவக் கல்வியின் கவனமோ நோயைக் கண்டறிவதிலேயே நீண்டகாலம் குவிந்திருந்தது. 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்பிபிஎஸ் பாடத்திட்டம், தொற்றுத் தடுப்பு முறைகளை மாணவர்கள் செய்துகாட்ட வேண்டிய திறனாகச் சேர்த்துள்ளது.

வியன்னாவின் இரு பிரிவுகள்

மருத்துவ மாணவர்களின் கைகள் கேள்விக்குள்ளாவது இது முதல் முறையன்று. வியன்னா பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு மகப்பேறு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் பேறுகாலச் செவிலியர்களும் பயிற்சி பெற்றனர். 1846-இல் முதல் பிரிவில் தாய்மார்களின் இறப்பு விகிதம் 11.4 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம்.

பிணக்கூறாய்வு செய்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வரும் மாணவர்களின் கைகளே காரணம் என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்தார். 1847 மே மாதம் முதல் குளோரின் கரைசலில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது. ஆயினும், மருத்துவர்களின் கைகளே நோயாளிகளின் உயிரைப் பறிக்கின்றன என்பதை அக்கால மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. உரிய அங்கீகாரம் கிடைக்காமலேயே 1865-இல் அவர் இறந்தார்.

அறிவிலிருந்து பழக்கத்திற்கு

உலக சுகாதார அமைப்பின் 2022 அறிக்கையின்படி, மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு 100 நோயாளிகளிலும் வளர்ந்த நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே குறைந்தது ஒரு தொற்று ஏற்படுகிறது. அவ்வாறு பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார். கைச் சுகாதாரமும் பிற எளிய நடைமுறைகளும் முறையாகப் பின்பற்றப்பட்டால் இத்தொற்றுகளில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம்.

இதற்குப் பாடம் மட்டும் போதாது. கட்டிலுக்கு அருகிலேயே ஆல்கஹால் திரவம், தொடர் பயிற்சி, பணியைக் கண்காணித்து முடிவைத் தெரிவித்தல், நினைவூட்டும் அறிவிப்புகள், பாதுகாப்பை மதிக்கும் நிறுவனச் சூழல் ஆகிய ஐந்தும் சேர வேண்டும் என்று அந்த அமைப்பு வலியுறுத்துகிறது. கடைசியாகச் சொல்லப்பட்டது மாணவர்களுக்கு மிகவும் பொருந்தும். மூத்த மருத்துவர் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குச் சென்றால், பின்தொடரும் மாணவர்களும் அதையே கற்றுக்கொள்கின்றனர்.

ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி உலகக் கைச் சுகாதார நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவரோ செவிலியரோ மாணவரோ தொடுவதற்கு முன், "கைகளைச் சுத்தம் செய்துவிட்டீர்களா?" என்று பணிவுடன் கேட்கலாம். அதைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நோயாளியைப் பார்க்கச் செல்லும் உறவினர்களும் உள்ளே நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் தங்கள் கைகளைத் தூய்மை செய்துகொள்வது அவசியம்.