ஆறு லட்சத்து அறுபதாயிரம் பேருக்கான நகரம்

சென்னை நகரின் நவீனக் குடிநீர் வழங்கலும் பாதாளச் சாக்கடையும் ஒரே மக்கள்தொகைக் கணக்கின் மீது எழுப்பப்பட்டவை. 1961ஆம் ஆண்டில் நகரத்தில் 6.6 லட்சம் பேர் வாழ்வார்கள் என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது ஏறத்தாழ 114 லிட்டர் நீர் போதும் என்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மாநகராட்சியின் பொறியாளர்கள் கணித்தனர். இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் ஏழரைக் கோடி லிட்டரே உள்ளே வரவேண்டிய நீரின் அளவாகவும், ஏறக்குறைய அதுவே வெளியேற வேண்டிய கழிவின் அளவாகவும் கொள்ளப்பட்டது. 1901க்கும் 1911க்கும் இடையில் நகரம் பத்தாயிரம் பேருக்கும் குறைவாகவே பெருகி 5.18 லட்சத்தில் நின்றிருந்ததால், அன்றைய கண்ணுக்கு அந்த மதிப்பீடு தாராளமானதாகவே பட்டிருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஏற்பாடுகள் இத்தனை தொலைநோக்கு உடையவை அல்ல. 1772இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி கோட்டைக்கு வடக்கே தோண்டப்பட்ட கிணறுகள், இன்றும் ஏழுகிணறு என்னும் பகுதிப் பெயரில் நிலைத்திருப்பவை, முதன்மையாகப் புனித ஜார்ஜ் கோட்டையின் தேவைக்கானவை. கோட்டைக்கு வெளியே வாழ்ந்த பெருந்திரளான மக்கள் வீட்டுக் கிணறுகளையும் கோயில் குளங்களையும் நம்பியே இருந்தனர். அதே நிலத்தில்தான் கழிவும் இறங்கியது என்பதால், நகரம் நெருக்கமாக நெருக்கமாக ஊற்றுநீரின் தரம் கெட்டதில் வியப்பில்லை.

1866இல் வில்லியம் ஃப்ரேசர் முன்வைத்த திட்டம் நீரை நகருக்கு வெளியே தேடியது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு எழுப்பி, ஆற்றுநீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் என்னும் செங்குன்றம் ஏரிக்கும் கால்வாய் வழியே கொண்டுவந்து, பின் திறந்த மண்கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை ஓடவிட்டு, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பகிர்ந்தளிப்பது அதன் வழி. 1872இல் நீர் வந்தது. ஆனால் வடிகட்டப்படாத நீரை, புவியீர்ப்பு விசையை மட்டும் நம்பி அனுப்பிய அந்த அமைப்பில், தெருக்கோடிக் குழாய்களுக்குப் போதிய அழுத்தம் எட்டவில்லை. திறந்த கால்வாயில் வழியில் சேர்ந்த அழுக்கையும் நகரம் சேர்த்தே குடித்தது.

இந்தக் குறைகளைக் களையும் பொறுப்பு சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லியிடம் வந்தது. புழல் ஏரியில் நீரெடுக்கும் கோபுரம், அங்கிருந்து கீழ்ப்பாக்கம் வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்கு மூடிய செங்கற் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள், நீரை மேலேற்ற நீராவிப் பம்புகள், உயரத்தில் ஒரு தொட்டி எனப் பல உறுப்புகள் கொண்ட அந்த நீரேற்று நிலையம் 1914இல் இயங்கத் தொடங்கியது. மணற்படுகையின் ஊடாக நீரை மிக மெதுவாக இறங்கவிடும் இவ்வகை வடிப்பான் வெறும் சல்லடையாக மட்டும் வேலை செய்வதில்லை; மணலின் மேற்பரப்பில் நாளடைவில் படியும் நுண்ணுயிர்ப் படலமே நோய்க்கிருமிகளைப் பெருமளவு அழிக்கிறது. படலம் தடித்து நீர் இறங்குவது குறையும்போது மேல்மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதால், ஆள்பலமும் பரந்த நிலமும் இதற்குத் தேவை. வேதிப்பொருளை அதிகம் நாடாத இந்த முறை அக்காலத்துக்குப் பொருத்தமான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

கழிவுநீர்ப் பணி இதைவிடக் கடினமானது. கழிவுநீர்க் குழாயில் திடப்பொருள் படியாமல் அடித்துச் செல்லப்பட வேண்டுமானால் நீருக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும்; அவ்வேகத்துக்குக் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். மதராஸோ கடல்மட்டத்தை ஒட்டிய தட்டைநிலம். ஆகவே குழாய் ஓடும் தூரம் கூடக்கூட ஆழமும் கூடி, ஓரிடத்தில் நிலத்தடிநீருக்குள் மூழ்கிவிடுகிறது. நகரைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கழிவும் தாழ்ந்த ஓரிடத்தில் சேர்ந்ததும் பம்பினால் மேலே தூக்கி அடுத்த நிலையத்துக்குத் தள்ளுவதே இதற்குக் கண்ட தீர்வு. ஒரு பம்பு நின்றாலும் அதற்குப் பின்னாலுள்ள தெருக்கள் எல்லாம் தேங்கும் என்பது இதன் பிறவிக்குறை; அவ்வாறு தேங்காதிருக்க வழிந்த கழிவு பக்கத்தில் ஓடிய கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. குழாய் எட்டாத வீடுகளில் மலத்தைக் கையால் அள்ளிக் கூடையில் சுமந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். பாதாளச் சாக்கடை வந்த பின்னும் அடைப்பை நீக்க அதே மக்களே குழிக்குள் இறக்கப்பட்டனர். பொறியியல் வரலாறு எழுதுவோர் பம்பின் திறனைக் குறிக்கும் இடத்தில் இந்த உழைப்பைக் குறிப்பது அரிதாகவே இருக்கிறது.

6.6 லட்சம் என்ற கணக்கு பிழைத்தது விரைவில் தெரிந்தது. 1931இல் மக்கள்தொகை 6.47 லட்சம், 1941இல் 7.77 லட்சம். முப்பது ஆண்டுகள் கழித்து வரவேண்டிய கூட்டம் முப்பதுகளிலேயே வந்துவிட்டது. நாற்பதுகளில் நகரின் எல்லையும் விரிவுபடுத்தப்பட, 1961இல் உண்மையில் எண்ணப்பட்டவர்கள் 17.29 லட்சம் பேர். இதற்கிடையே 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை அமைத்த அதே நகரம், சில ஆண்டுகளில் நீருக்காகக் கொசஸ்தலையின் மேற்பகுதிக்கு ஓடியது. மேயராக இருந்த எஸ். சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940இல் பூண்டி நீர்த்தேக்கப் பணி தொடங்கியது. 1943இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அணை முடிந்து, பின்னர் அவர் பெயரையே பெற்றது.

பூண்டிக்குப் பிந்தைய கதை தொலைவின் கதை. 1983இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின் வழியே 1996இல் கிருஷ்ணா நீர் தமிழக எல்லையை அடைந்தது. அறுபதுகளின் இறுதியில் தொடங்கித் தடைப்பட்ட வீராணம் திட்டம் 2004இல் புதிய வடிவில் நிறைவேறியது. அதன்பின் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் குடிநீராக்கப்பட்டது. நீரைக் கொண்டுவருவதற்கு ஒவ்வொரு தலைமுறையும் காட்டிய வேகத்தை, அந்த நீர் கழிவாக மாறிய பின் அதை ஏற்றுக்கொள்ளும் குழாய்களுக்குக் காட்டவில்லை என்பதே இந்த வரலாற்றின் மேல் வைக்கத்தக்க முதன்மையான குற்றச்சாட்டு. உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டரிலும் பெரும்பகுதி கழிவாக வெளியேறும் என்பது 1910களில் அறியப்பட்டு, திட்டத்திலேயே இடம்பெற்ற உண்மை, மறக்கப்பட்டது பின்னர்தான்.

குடிநீரையும் கழிவுநீரையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர 1978இல் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் அமைக்கப்பட்டது. அதே காலத்தை ஒட்டி உயிரியல் முறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களும் நகரில் எழுந்தன. ஆனால் தட்டையான அந்நிலத்தில் மழை நாட்களில் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து அதன் கொள்ளளவைத் தின்றுவிடும் வெள்ளத்துக்கான வடிகால்கள் வாரியத்திடம் வரவில்லை. அவை மாநகராட்சியின் பொறுப்பிலேயே தொடர்ந்தன.