கண்டிச் சீமையின் கிராமச் சபைகளும் தோட்டத் தொழிலாளரும்

மலையகத் தமிழரின் உரிமையிழப்பு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு தொடங்கிற்றெனக் கூறுவது வழக்கம். அதன் வேர் கிராமச் சபைகளிலேயே ஊன்றியது என்பது எமது கருத்து.

1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஊரார் தெரிவுசெய்யும் கிராமச் சபைகளையும் சிறு வழக்குகளுக்கான கிராம நீதிமன்றங்களையும் நிறுவ வழிசெய்தது. 1889ஆம் ஆண்டுச் சட்டமோ ஐரோப்பியர், பறங்கியரோடு இந்தியத் தொழிலாளரின் வாக்குரிமையையும் விலக்கிற்று. துரைமாருக்கு இது இழப்பன்று. ஆட்சியாளரை அணுக அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ உழைத்த தொழிலாளிக்கு அவ்வழிகள் இல்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால் அவன் குற்றவாளியாக நீதிமன்றில் நிறுத்தப்பட்டுச் சிறை செல்ல நேர்ந்தது.

1937இல் திருத்தச் சட்டம் வந்தபோது ஐரோப்பியர், பறங்கியர் மீதான தடையை நீக்கி, இந்தியத் தொழிலாளர் மீதான தடையைத் தொடர முற்பட்டனர். எதிர்ப்பு எழவே, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் யாவரையும் விலக்குவதாக வாசகம் மாற்றப்பட்டது. இனப்பெயர் மறைந்ததேயன்றி விளைவு மாறவில்லை.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபைநிதி செல்வதைத் தடுத்தது. அது 2018இலேயே திருத்தப்பட்டது. ஆதலின் மலையக வரலாற்றை ஆராய்வோர், பாராளுமன்றச் சட்டங்களோடு உள்ளூராட்சிச் சட்டங்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.