மின்குமிழின் ஆயுளும் ஆயிரம் மணித்தியால உடன்படிக்கையும்

மின்குமிழ் எரிந்துபோவது வரலாற்று மாணவர் ஆராயத்தக்க பொருளன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும், அது எத்தனை மணித்தியாலம் எரிய வேண்டும் என்பதைச் சில நிறுவனங்கள் ஒன்றுகூடித் தீர்மானித்த காலமொன்று இருந்தது. ஆகவே இஃது எமது துறைக்கும் உரியதே.

சாவகச்சேரியில் எமது வீட்டு முகப்பில், திருமண வீட்டுக்கென வாங்கிய 500 வாற்று ஹலோஜன் விளக்கொன்று பின்னர் நிலையாகப் பொருத்தப்பட்டது. (பாடநூல்கள் இதனை அலசன் என்னும், கடையில் அப்பெயரைச் சொன்னால் எவருக்கும் விளங்காது.) ஓராண்டுக்குள் மூன்று குமிழ்கள் போயின. “கம்பனிக்காரன் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறான்” என்பது வீட்டார் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு வரலாற்று ஆதாரம் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆதாரம் உண்டு. 1924 டிசெம்பரில் ஜெனீவாவில் ஜேர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ் முதலிய நிறுவனங்கள் கூடி ‘பீபஸ்’ எனும் கூட்டமைப்பை நிறுவின. அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நேரடியாகச் சேராது, தன் தொடர்புடைய பிறநாட்டு நிறுவனங்கள் வாயிலாகச் செல்வாக்குச் செலுத்தியது. சந்தையைப் பங்கிட்டதோடு, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகவும் இவை வரையறுத்தன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணித்தியாலம் எரிந்த குமிழ்களும் இருந்தன. உறுப்பு நிறுவனங்களின் குமிழ்கள் சுவிற்சர்லாந்தில் பரிசோதிக்கப்பட்டன. வரையறையை மீறியவை தண்டப்பணம் செலுத்தின. நீண்டகாலம் எரியும் பொருளைச் செய்தமைக்காக ஒருவனைத் தண்டிப்பது வணிக வரலாற்றில் விந்தையான செய்தியே. 1939இல் மூண்ட உலகப்போர் இக்கூட்டமைப்பைக் குலைத்தது.

எனினும் இத்துடன் வழக்கை முடித்துவிடலாகாது. பிரித்தானியாவின் தனியுரிமை ஆணைக்குழு 1951இல் வெளியிட்ட அறிக்கை, எல்லாத் தேவைக்கும் பொருந்தும் ஒரே ஆயுள் என ஒன்றில்லை எனக் கண்டது. இழையைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் குமிழ் நெடுநாள் வாழும். ஆனால் அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒளி குறையும். கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 தொடக்கம் எரியும் குமிழைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அது இன்று தருவது ஏறத்தாழ 4 வாற்று இராவிளக்கின் ஒளி மாத்திரமே. அதனருகில் அமர்ந்து எவரும் பரீட்சைக்குப் படித்திருக்க முடியாது.

மேலும், ஹலோஜன் குமிழ் பீபஸ் மறைந்தபின் பிறந்தது. ஜெனரல் இலெக்ரிக்கின் பிரிட்ரிச், வைலி ஆகியோர் ஆக்கிய இக்குமிழுக்கு 1959இல் காப்புரிமை கிடைத்தது. ஆவியாகும் தங்ஸ்தன், அயடீன் அல்லது புரோமீனுடன் சேர்ந்து மீண்டும் இழையை அடைவதே இதன் நுட்பம். ஆனால் திரும்பும் உலோகம் மெலிந்த இடத்தையே தேடிச் சென்று படிவதில்லை. மெலிந்த இடம் மேலும் சூடேறி மேலும் மெலிகிறது, ஈற்றில் அறுகிறது. எனவே பொதுவாக 2,000 மணித்தியாலம் அளவிலேயே இதன் வாழ்வு முடிகிறது. பழைய குமிழைவிட இஃது இருமடங்கு என்பதை எமது வீட்டார் இன்னும் ஏற்கவில்லை.

அவ்வாறாயின் மூன்று குமிழ்கள் ஏன் போயின? 230 வோல்ற்று ஐந்து வீதம் உயர்ந்தால் குமிழின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும். பத்து வீதம் உயர்ந்தால் மூன்றிலொரு பங்கும் தேறாது. ஊர் உறங்கிப் பாவனை குறையும் நள்ளிரவில் வோல்ற்றளவு ஏறுவதுண்டு. எமது முகப்பு விளக்கோ விடியும்வரை எரிந்தது. அன்றியும், நீண்ட குழாய் வடிவான இவ்வகைக் குமிழ் கிடையாகவே இருத்தல் வேண்டும். மாமரக்கிளையிலும் பந்தற்காலிலும் சரித்துக் கட்டினால் உள்ளிருக்கும் வாயு ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் இழை விரைவில் கெடும். வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெயும் உப்பும் சூட்டில் குவார்ட்ஸ் கண்ணாடியைப் பழுதாக்கும். இவை கம்பனி செய்த சூழ்ச்சிகள் அல்ல.

எஞ்சிய காரணம் ஊரின் வரலாற்றில் உள்ளது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு தேசிய மின்வலையை இழந்தது. மண்ணெண்ணெயும் அரிதான அந்நாட்களில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு மக்கள் விளக்கேற்றினர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தோர்க்கும் அவ்வொளியே வாய்த்தது. கூரையில் தொங்கிய குமிழ்கள் அக்காலத்தில் எரியவுமில்லை, எரிந்துபோகவுமில்லை. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி பெரும்பாலும் அழிந்தது. மீண்டு வந்தோர் கைக்கு எட்டிய கம்பியைக்கொண்டு அறை அறையாக இணைப்புச் செய்தனர். 2013இல் சுன்னாகம் மீண்டும் தேசிய மின்வலையோடு இணைந்தது. வீட்டுச் சுவருக்குள் இருந்த பழைய முடிச்சுகள் அப்படியே இருந்தன.

எமது முகப்பிலும் அத்தகைய முடிச்சொன்று தளர்ந்திருந்தது. காற்றடிக்குந்தோறும் விளக்கு அணைந்து எரியும். குளிர்ந்த இழையின் தடை, சூடான நிலையிலுள்ள தடையின் பத்திலொரு பங்கிலும் குறைவு. ஆகவே ஒவ்வொரு தடவையும் பெருமின்னோட்டம் பாய்ந்து இழையைத் தாக்கியது. மாமா முடிச்சை அவிழ்த்துப் புதிதாக இறுக்கினார்; விளக்கையும் மட்டம் பார்த்து நிமிர்த்தினார். நான்காவது குமிழை ஒரு துணியால் பிடித்துப் பொருத்தினேன். ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்ரெம்பரில் ஹலோஜன் குமிழ்கள் பலவற்றைச் சந்தையிலிருந்து விலக்கிவிட்டது; எமது கோயில் திருவிழாவிலும் இப்போது எல்ஈடி விளக்குகளே. அந்த நான்காவது குமிழ் மாத்திரம் இரண்டு திருவிழாக்களைக் கடந்து இன்னும் எரிகிறது.