புறம்போக்கு

'புறம்' என்பது வெளி. 'போக்கு' என்பது விடப்பட்டது. தீர்வைக் கணக்கிற்கு வெளியே விடப்பட்டு, ஏரியும் மேய்ச்சலும் சுடுகாடும் பாதையுமாக, எவர்க்கும் தனியுரிமையின்றி யாவர்க்கும் உபயோகமான பூமியைக் குறித்த இச்சொல், ஆங்கிலேயரின் வருவாய் ஏடுகளிலும் அவ்வாறே புகுந்து, காலக்கிரமத்தில் மனிதரை ஏசும் வசையாகவும் இழிந்தது பெரிதும் வேதனைக்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும் அவர்தம் சந்ததியாரும் பிறரோடு சேர்ந்து சதுப்பைத் தூர்த்து மேடாக்கிய மும்பைத் தாராவியும், நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்கும் மாநகராட்சிக்கும் உரியதாகையால், நம்மூர் வழக்கில் புறம்போக்கே. அங்கே மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பு, ட்ரோனும் லேசர் கருவியும் கொண்டு, சந்துகளையும் சுவர்களையும் கணினிக்குள் மற்றொரு தாராவியாக வரைந்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டார்க்கு 350 சதுர அடி அவ்விடத்திலேயே இலவசம். மேல்தளத்தார்க்கோ தாராவிக்கு அப்பால், தவணை வாடகையில். ஏணியேறி வாழ்ந்தோரும் அத்தெருவின் உழைப்பில் சமபங்கு கொண்டவரே. அவர்களை வேறாக்கும் இவ்வெல்லை நியாயமன்று என்றே கருதுகிறேன்.